புல்வெளியில் ஒரு பெரட்டு

முப்பத்துமூன்று வயதில் ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் மைக்கைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவன்தான். பதினொரு வருடம் நுவரெலியாக் குளிரில் கத்தியதில் தொண்டையில் சின்னச் சின்ன முடிச்சுகள் வந்துவிட்டன. இனிமேல் மெதுவாகப் பேசிப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது அதே ஹோட்டலில், யார் எந்த நாளில் எந்த நிகழ்ச்சி செய்வது என்று அட்டவணை போடும் மேசையில் இருக்கிறேன்.

விடுமுறைக்கு வருகிறவர்களைச் சிரிக்க வைக்கும் வேலைக்கு நீங்கள் ஐந்து பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். ஸ்பீக்கர் வயரை எங்கே செருகுவது, அழுகிற குழந்தையை எந்த விளையாட்டில் சேர்ப்பது என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் எழுதுவது வேறு விஷயம். இந்த மைக் என் கைக்கு எப்படி வந்தது, எப்படிப் போனது, திரும்ப எப்படி வந்தது என்பதை உள்ளபடி சொல்லப் பார்க்கிறேன். நடுவில் என்னைப் பற்றி நானே சொல்ல விரும்பாத ஒரு பகுதி வரும். அதை விட்டுவிட்டு எழுதினால் இதை நீங்கள் படிப்பதில் பயனில்லை.

நான் கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றான லயத்துக் காம்பராவில் பிறந்தவன். அம்மா கொழுந்து எடுத்தார். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் வீட்டில் உயர்தரப் பரீட்சை வரைக்கும் போன முதல் ஆள் நான். பெறுபேறு வந்தபோது பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. ஹோட்டலில் மேசை துடைக்கச் சேர்ந்தேன்.

ஒரு ஏப்ரல் சீசனில், குழந்தைகளுக்கு வித்தை காட்ட வரவேண்டிய ஆள் மூடுபனியில் வழியிலேயே நின்றுவிட்டார். நாற்பது குழந்தைகள் தொப்பி போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். மெனேஜர் சுற்றிப் பார்த்துவிட்டு, மூன்று மொழியும் பேசக்கூடியவன் என்ற ஒரே காரணத்துக்காக என் கையில் மைக்கைத் திணித்தார். எனக்கு வித்தை எதுவும் தெரியாது. தெரிந்ததைச் செய்தேன். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிப்பார்களே, அந்தப் பெரட்டை அப்படியே புல்வெளியில் நடத்தினேன். குழந்தைகளை வரிசையில் நிறுத்தி, பிந்தி வந்தவனை அதட்டினேன். பெற்றோர் ஓடிவந்து தாங்களும் வரிசையில் நின்றார்கள்.

அதற்குப் பிறகு நான் மேசை துடைக்கவில்லை.

இரண்டு வருடத்தில் அது பெரிய நிகழ்ச்சியாகிவிட்டது. நாலு மணித் தேநீர் நேரத்தில் தப்பு மேளம் அடித்துக்கொண்டு வருவேன். காக்கிக் காற்சட்டை, முழங்கால் வரைக்கும் மேஜோடு, வட்டத் தொப்பி, கையில் பிரம்பு. தோட்டத்து வேலைகளை மேற்பார்வையிடுகிற கண்டாக்குதான் நான். விருந்தினரெல்லாம் என் தொழிலாளர்கள். முதுகில் கூடை மாட்டி வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராகக் கேள்வி கேட்பேன். பதில் எப்படி வந்தாலும் முடிவு ஒன்றுதான். பிரம்பை நீட்டி, "அரைப்பேர்!" என்பேன். கொழுந்து குறைந்தால், நேரம் பிந்தினால் தோட்டத்தில் அந்த நாளுக்கு ஆளின் பேருக்கு நேரே பாதி நாள் சம்பளம்தான் பதிவார்கள். அதுதான் அரைப்பேர். அம்மா எத்தனையோ தடவை அரைப்பேரோடு வீட்டுக்கு வந்து, பேசாமல் அடுப்பை மூட்டியிருக்கிறார். புல்வெளியில் அந்தச் சொல்லுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொழும்பிலிருந்து அறை கேட்டுப் பேசுகிறவர்கள், "அந்த அரைப்பேர்க்காரர் இருக்கிறாரா?" என்று விசாரிக்கும் அளவுக்கு வந்தது.

அம்மா ஒரு தடவை, "ஒன் வேலைய நானும் வந்து பாக்கலாமாப்பா?" என்று கேட்டார்.

"விருந்தாளிங்களுக்கு மட்டுந்தாம்மா" என்றேன்.

அது உண்மைதான். ஆனால் நான் அதற்காக அப்படிச் சொல்லவில்லை. ஏன் சொன்னேன் என்று அன்றைக்கே ஒரு நிமிடம் யோசித்திருந்தால் பிறகு நடந்தது நடந்திருக்காது. உங்கள் நிகழ்ச்சியை இன்னாருக்குக் காட்ட முடியாது என்று மனதில் ஒருவர் வந்து நின்றால், அந்த ஆளை ஒதுக்காதீர்கள். நிகழ்ச்சியைக் கழற்றிப் பாருங்கள்.

ஒரு ஆகஸ்ட் விடுமுறை. கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க பெண், கணவர், இரண்டு பிள்ளைகள், அந்தப் பெண்ணின் அப்பா. பெரியவருக்கு எழுபது இருக்கும். மடிப்புக் கலையாத புது ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியும் போட்டு, கோப்பையைத் தட்டோடு சேர்த்துப் பிடித்து, கேக்கைத் தொடாமல் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். வயதானவர்களைக் கூப்பிட்டால் சிரிப்பு கூடும் என்பது எனக்குப் பழக்கத்தில் தெரியும். பிரம்பை அவர் பக்கம் நீட்டினேன்.

எழுந்து வந்தார். மற்றவர்கள் கூடையை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் போனோடு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். அவர் கூடையை மாட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு தலையைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

யாரும் அவருக்கு அப்படி நிற்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் பார்த்தேன். உண்மையான பெரட்டில் நின்று பழகியவர் என்று பார்த்ததும் எனக்குப் புரிந்தது. இதை உங்களிடம் மறைக்கக் கூடாது. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று பிறகு பல பேரிடம் சொன்னேன், தெரிந்துதான் நடந்தது. நிறுத்துவதற்கு எனக்கு இரண்டு மூன்று விநாடி இருந்தது. அதற்குள் கூட்டம் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. பெரியவர் பிரமாதமாக நடிக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். சிரிப்பு வந்த பக்கமே நானும் போனேன். அதுவரைக்கும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேசிக்கொண்டிருந்தவன், எங்கள் தோட்டத்துக் கண்டாக்கின் குரலை எடுத்துத் தமிழில் அதட்டினேன்.

"ஏய், ஏன் லேட்டு?"

"மன்னிச்சிருங்கய்யா. புள்ளைக்குக் காய்ச்சலுங்க."

மெதுவாகத்தான் சொன்னார். என் மைக் அதைப் பிடித்து எல்லா ஸ்பீக்கரிலும் கொண்டுபோனது. தமிழ் தெரியாதவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். என் வாய் பழக்கத்தில், "அரைப்பேர்!" என்றது.

அந்தப் பெண் எழுந்து வந்தார். காய்ச்சலில் கிடந்த பிள்ளை அவர்தான் என்பதை அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். அப்பாவின் கையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கப்பா. இது வெளையாட்டு. நீங்க இனிமே யாருக்கும் பதில் சொல்ல வேணாம்."

"விடும்மா. அந்தத் தம்பி அவரு வேலையத்தானே பாக்குறாரு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, நீங்க எந்தத் தோட்டம்?"

சொன்னேன்.

"அப்ப தெரிஞ்சுதான் செஞ்சிருக்கீங்க" என்றார்.

ஏசவில்லை, குரலை உயர்த்தவில்லை. பெரியவர் போகும்போது முதுகுக் கூடையைக் கழற்றி, கவிழாமல் ஓரமாக வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த தவறை அரை மணிக்குள் செய்தேன். அவர்கள் அறைக்கு ஹோட்டல் செலவில் ஒரு கேக்கும், 'அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்' என்று அச்சடித்த அட்டையும் அனுப்பிவைத்தேன். நேரில் போய் நிற்கத் தைரியம் வரவில்லை. கேக் பிரிக்காமல் திரும்பி வந்தது. மறுநாள் காலையில் அவர்கள் அறையைக் காலி செய்துவிட்டார்கள். அந்தப் பெண் எழுதிய கடிதம் ஹோட்டல் முதலாளி வரைக்கும் போனது.

"சேர், நானும் லயத்துப் புள்ளதான். எங்க கதைய நாங்க சொல்லாம வேற யாரு சொல்றது?" என்று மெனேஜரிடம் வாதாடினேன்.

அவர் சிங்களத்தில் ஒரே வரி சொன்னார். "நாளையிலிருந்து நீ வாகனத் தரிப்பிடத்தில்."

நிகழ்ச்சியை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. புகார் ஆளைப் பற்றியது, நிகழ்ச்சியைப் பற்றியதில்லை என்று முடிவெடுத்தார்கள். என் காற்சட்டையும் தொப்பியும் இன்னொரு பையனுக்குப் போயின. அவன் கெட்டிக்காரன். நான் வேனுக்கு விசிலடித்துப் பின்னால் வரச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, வேலிக்கு அந்தப் பக்கம் தப்பு கேட்கும். என் வசனங்கள் வரிசையாக வரும். எந்த இடத்தில் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும், சிரித்தார்கள். எட்டு மாதம் இப்படி. முதலில் பொறாமையாக இருந்தது. வேலிக்கு வெளியே நின்று திரும்பத் திரும்பக் கேட்டதில், அந்தச் சிரிப்பு யார் மேல் போய் விழுகிறது என்பது காதுக்கு உறைக்கத் தொடங்கியது. உள்ளே நின்றவரைக்கும் எனக்கு அது கேட்கவேயில்லை.

தரிப்பிடத்தில் என் புதிய கூட்டம் டிரைவர்மார். அவர்களில் ஹட்டன் அந்தோணி அண்ணன் வாய்க்காரர். முதல் நாளே ஆரம்பித்தார்.

"என்னங்க கண்டாக்கையா, என் வேன் கோட்டத் தாண்டி நிக்குது. அரைப்பேரா, முழுசாவே வெட்டிருவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்தது. ஆனால் வலிக்கவில்லை. ஏனென்றால் அடுத்த நிமிடம் அவர் மெனேஜரைப் போல வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தார். அதற்கடுத்து, குளிருது குளிருது என்று சொல்லிக்கொண்டே ஐஸ்கிரீம் வாங்கித் தின்கிற விருந்தாளியைப் போலச் செய்தார். அவர்களின் கேலி எப்போதும் தங்களுக்கு மேலே இருப்பவர்களை நோக்கித்தான் போகும். கைக்கு எட்டிய தூரத்தில் இருந்ததால் எனக்கும் கொஞ்சம் கிடைத்தது, அவ்வளவுதான்.

டிரைவர்மாருக்கு ஹோட்டலில் தருகிற பிளேன்டீ கோப்பையில் பாதிதான் வரும். ஒருநாள் உணவுப் பகுதி மேற்பார்வையாளர் வந்து, வண்டியை ஒழுங்காக நிறுத்தத் தெரியாதா என்று அந்தோணி அண்ணனைச் சத்தம் போட்டார். அண்ணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஸ்டீயரிங்கை ஒற்றைக் கையால் சுற்றினார்.

"அரைக் கப்புக்கு அரைக் கண்ணுதான் சேர் தொறக்குது. மத்தப் பாதிய ஊத்துங்க, அடுத்த கண்ணையும் தொறந்து பாக்குறேன்."

மேற்பார்வையாளரே சிரித்துவிட்டார். மறுநாள் கோப்பை நிறைந்து வந்தது. அன்றைக்குத்தான் நான் இத்தனை காலம் என்ன செய்தேன் என்று விளங்கியது. கொழுந்து மலையிலும் இதே சிரிப்புத்தான் இருந்தது. அம்மாவும் கூட்டாளிகளும் நிரையில் நின்று கண்டாக்கையும் துரையையும் பேசிச் சிரிப்பார்கள். பள்ளிக்கூட விடுமுறையில் நானே கேட்டிருக்கிறேன். புல்வெளிக்குப் போனபோது அவர்களின் சிரிப்பை வீட்டில் விட்டுவிட்டு, கண்டாக்கின் பிரம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அதன் பிறகு, வாகனம் வராத நேரங்களில் டிரைவர்மாருக்கு நடுவில் நின்று, பெரட்டில் பிந்தி வந்த ஆளாக நடிக்கத் தொடங்கினேன். யாராவது ஒருவர் கேள்வி கேட்பார். நான் சாக்குச் சொல்வேன். அவர்கள் சும்மா சிரிக்கிறவர்கள் இல்லை. நல்லாயில்லை என்றால், "வண்டி வருது, போய் விசிலடி" என்பார்கள். என் தொழிலில் நான் சந்தித்த கஷ்டமான கூட்டம் அதுதான்.

அடுத்த ஏப்ரல். ஹோட்டலில் ஒரு அறை காலியில்லை. கண்டாக்காக நடிக்கிற பையன் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, ரம்பொடைப் பக்கம் மண்சரிந்து, வாகன வரிசையில் மாட்டிக்கொண்டான். மூன்றரை மணிக்கு மெனேஜர் தரிப்பிடத்துக்கே வந்தார். கையில் காக்கிக் காற்சட்டையும் தொப்பியும்.

"நாலு மணிக்கு நீ செய்" என்றார்.

எட்டு மாதமாகக் காத்திருந்த வார்த்தை அது. கை தானாக நீண்டது. மடக்கிக்கொண்டேன்.

"செய்றேன் சேர். ஆனா கண்டாக்கா வரமாட்டேன்."

"எல்லாரும் அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள். பலகையில் எழுதியிருக்கிறது."

"பெரட்டுன்னுதான் சேர் எழுதியிருக்கு. பெரட்டுதான் செய்வேன். கூடைய நான் மாட்டிக்கிறேன், தொப்பிய விருந்தாளி ஒருத்தர் போட்டுக்கட்டும்."

மெனேஜர் தொப்பியை என் கையில் வைத்தார். "ஒரு புகார் வந்தாலும் உனக்கு இந்தத் தரிப்பிடமும் கிடையாது" என்றார். அவர் மிரட்டவில்லை. நடக்கப் போவதைச் சொன்னார்.

"யோசிச்சுத்தான் சொல்றியாடா?" என்று அந்தோணி அண்ணன் கேட்டார். யோசிக்க நேரமில்லை. வீட்டில் தம்பி, தங்கை இரண்டு பேரின் படிப்பும் என் சம்பளத்தில் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் கூடையை மாட்டிக்கொண்டு போனேன்.

குருநாகலில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஒரு பெரிய உடம்புக்காரரைப் பிடித்து, தொப்பியை அவர் தலையில் வைத்துப் பிரம்பைக் கொடுத்தேன். அவர் மனைவியும் பிள்ளைகளும் கைதட்டினார்கள். நான் மூச்சிரைக்க ஓடிவந்து அவர் முன்னால் நின்றேன்.

"ஏன் லேட்?" என்று அவர் சிங்களத்தில் அதட்டினார்.

நானும் சிங்களத்தில், "பனியில வழி தெரியலைங்க கண்டாக்கையா. பக்கத்துத் தோட்டத்துப் பெரட்டுல போய் நின்னுட்டேன். அங்க முழுப்பேரே போட்டுட்டாங்க. அங்க உள்ள ஐயா ரொம்ப நல்லவருங்க" என்றேன்.

"அப்ப அங்கேயே இருக்க வேண்டியதுதானே?"

"உங்க ஞாபகம் வந்திருச்சுங்க."

சிரிப்பு வந்தது. ஆனால் பழைய அளவுக்கு இல்லை. ஓரத்தில் மெனேஜர் கைகட்டி நின்றார். இரும்புக் கடைக்காரர் கூடைக்குள் எட்டிப் பார்த்து, ஏன் காலி என்று கேட்டார்.

"கொழுந்து கூச்சப்படுதுங்க. இத்தனை பேரு பக்கத்துல நின்னு போட்டோ எடுத்தா அது எப்படிங்க வளரும்?"

அதற்கு மேல் என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. திணறினார். கூட்டத்தில் போன வருடம் வந்த யாரோ ஒருவர், "அரைப்பேர்!" என்று கத்தினார். பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். புல்வெளி முழுவதும் அரைப்பேர், அரைப்பேர் என்று கைதட்டிக் கத்தியது. அவரும் தெம்பாகி என் முகத்துக்கு நேரே பிரம்பை நீட்டி அதையே சொன்னார்.

சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்திருந்தால் நிகழ்ச்சி அங்கே நன்றாகவே முடிந்திருக்கும். மைக்கும் திரும்பக் கிடைத்திருக்கும்.

"சரிங்க கண்டாக்கையா, போடுங்க" என்றேன். ஒரு காலை மடக்கினேன். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஒரு கண்ணை மூடினேன். நொண்டிக்கொண்டே போய்ப் பூச்செடியில் ஒற்றைக் கையால் கொழுந்து பறித்தேன்.

"என்ன செய்கிறாய்?"

"அரைப்பேருக்கு அரை ஆளுதாங்க வருவான்."

"உன் பேர் என்ன?"

பாதிப் பேரைச் சொல்லி நிறுத்தினேன்.

"முழுசாச் சொல்லு!"

"நீங்க முழுசாப் போட்டா நானும் முழுசாச் சொல்றேங்க."

அவர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வீட்டுலயும் இப்படித்தான்! கேள்வி மட்டும் கேப்பாரு, பதில் வந்தா முழிப்பாரு!" என்று கத்தினார். அப்போது வேலிப் பக்கம் இன்னொரு சிரிப்பு கேட்டது. ஹோட்டல் தோட்டத்தில் களை பிடுங்குகிற பெண்கள் ஆறேழு பேர், கையில் மண்ணோடு வந்து நின்றார்கள். எல்லோரும் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். அவர்களில் மூத்தவரான லெட்சுமி அக்கா கத்தினார்:

"விடாதீங்க சேர்! அவன் சும்மாவே அரை ஆளுதான்!"

எனக்கு ஒற்றைக் காலில் நிற்க முடியவில்லை, சிரிப்பில் விழுந்துவிட்டேன். இரும்புக் கடைக்காரர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே, "முழுப்பேர்! இவனுக்கு முழுப்பேர் போட்டுவிடுங்கள்!" என்று மெனேஜரிடம் சொன்னார். மெனேஜர் கட்டியிருந்த கையை அவிழ்த்து, "நாளைக்கும் நீயே செய்" என்றார்.

அந்தப் பெரியவரைப் பிறகு நான் பார்க்கவில்லை. அவர் மகளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை, வர வேண்டும் என்றும் இல்லை. மைக் திரும்பி வந்ததால் அந்த நாள் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அது அப்படியே இருக்கிறது.

அன்றைக்கு நிகழ்ச்சி முடிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது லெட்சுமி அக்கா வந்தார்.

"ஒன்னால இன்னைக்கு எனக்கு நல்லா ஏச்சு, தம்பி. வேலைய விட்டுட்டு வந்து பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறேனாம்."

"ஏக்கா, இத்தனை வருசமா நான் செஞ்சேனே, ஒருநாளும் நீங்க வந்து பாக்கலையே?"

"அது என்னத்தப் பாக்குறது? தப்புச் சத்தம் கேட்டா நாங்க பின்பக்கப் பாத்திக்குப் போயிருவோம்." மண்ணை உதறிக்கொண்டு, "இது நல்லாருக்கு. ஆனா எங்களுக்கு வேலை முடிய நாலரை ஆகும். கொஞ்சம் பிந்தி வையேன்" என்றார்.

மறுநாள் காலை மெனேஜரிடம் போனேன். நிரந்தர நியமனத்தைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து, என் ஃபைலைக்கூட எடுத்துவிட்டார். நான் நேரத்தை மாற்றக் கேட்டேன். நாலரைக்குப் பனி இறங்கிவிடும் என்றார். நாலு மணிக்கு எல்லோருடைய கையிலும் கோப்பை இருக்கிறது, நாலரைக்குத்தான் கைதட்டக் கை காலியாக இருக்கும் என்றேன். உண்மையான காரணத்தையும் சொன்னேன். அவர் ஃபைலை மூடிவிட்டு, ஒரு கிழமைக்குப் பார்ப்போம் என்றார்.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த அன்று வரவேற்பறைப் பலகையில் 'பெரட்டு: மாலை 4.30' என்று பார்த்திருப்பீர்கள். தேநீர் நேரத்தோடு சேர்த்து முன்னுக்குக் கொண்டுவந்தால் என்ன என்று யாராவது உங்களிடம் கேட்பார்கள். சொல்கிற காரணமும் நல்ல காரணமாகவே இருக்கும். உடனே பதில் சொல்லாதீர்கள். சரியாக நாலு மணிக்குப் பூப்பாத்திப் பக்கம் போய், இன்னும் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு வந்து சொல்லுங்கள்.